ஆற்றில் பிளாஸ்டிக் சேராமல் தடுக்க நிறுவனங்கள் என்ன செய்யலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆறுகளைப் பிளாஸ்டிக் கழிவிலிருந்து காக்கும் முயற்சிகளுக்குப் பணமோ பொருளோ ஆள்பலமோ தர விரும்பும் நிறுவனங்களின் உரிமையாளர்களும் மேலாளர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறோம். இந்தப் பதில்கள் எல்லாவற்றிலும் ஒரே கருத்துதான் அடிச்சரடாக ஓடுகிறது: தடுப்பு வேலை நிறுவனத்தின் வாசலிலேயே தொடங்க வேண்டும், ஆற்றுக்கென்று ஒதுக்கும் பணமோ திறப்பு விழாவோடு தீர்ந்துவிடாமல், ஆண்டுக்கணக்கில் மாதந்தோறும் தவறாமல் போய்ச் சேர வேண்டும்.

குப்பை கடைசியில் கடலுக்குத்தானே போகிறது? ஆற்றில் ஏன் கவனம் செலுத்த வேண்டும்?

எல்லாம் கடலுக்குப் போவதில்லை. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு 2022-இல் வெளியிட்ட கணக்கின்படி, 2019-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் 35.3 கோடி டன் பிளாஸ்டிக் கழிவு உருவானது. அந்த ஓராண்டில் மட்டும் ஏறக்குறைய 61 லட்சம் டன் நீர்நிலைகளில் கலந்தது. அதுவரை கடலில் சேர்ந்திருந்தது சுமார் 3 கோடி டன் என்றால், ஆறுகளில் சேர்ந்திருந்தது சுமார் 10.9 கோடி டன் என்று அதே அறிக்கை மதிப்பிட்டது. ஆற்றில் விழுந்த பை ஒன்று கரையோர மரத்தின் வேரிலோ, மதகின் மூலையிலோ, ஆகாயத்தாமரைக் கூட்டத்துக்குள்ளோ, படுகை மணலுக்கு அடியிலோ பல ஆண்டுகள் சிக்கிக் கிடந்து, அடுத்த பெருவெள்ளத்தில்தான் நகர்கிறது. இங்கிலாந்தின் வடமேற்கில் 2015-16 குளிர்காலத்தில் வந்த வெள்ளம், அப்பகுதி ஆற்றுப்படுகைகளில் படிந்திருந்த நுண்பிளாஸ்டிக்கில் சுமார் 70 சதவீதத்தை அடித்துச் சென்றதாக 2018-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது.

ஆகவே ஆற்றை வெறும் வழித்தடமாகக் கருதக் கூடாது. அது தேக்கிடமும் கூட. குப்பை ஓர் இடத்தில் குவிந்து கிடக்கும்போதே அதை எடுத்துவிட முடியும் என்பது ஆற்றில் வேலை செய்வதன் பெரிய அனுகூலம். கடலில் பரவி நொறுங்கிய பிறகு அந்த வாய்ப்பு இல்லை.

பத்துப் பெரிய ஆறுகளைச் சரிசெய்தால் போதும் என்கிறார்களே?

அந்தப் பேச்சு 2017-இல் வந்த ஓர் ஆய்விலிருந்து பரவியது. ஆறுகள் வழியாகக் கடலுக்குச் செல்லும் பிளாஸ்டிக்கில் 88 முதல் 95 சதவீதம் வரை பத்து ஆறுகளிலிருந்தே வருவதாக அந்த ஆய்வு மதிப்பிட்டிருந்தது. 2021-இல் இன்னும் நுணுக்கமான தரவுகளைக் கொண்டு செய்யப்பட்ட மற்றோர் ஆய்வு, படத்தை வெகுவாக மாற்றிவிட்டது. ஆறுகள் வழியாக ஆண்டுதோறும் 8 லட்சம் முதல் 27 லட்சம் டன் வரை கடலுக்குச் செல்கிறது என்றும், அதில் 80 சதவீதம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆறுகளிலிருந்து வருகிறது என்றும், அவற்றில் நகரங்களின் நடுவே ஓடும் சிற்றாறுகளே மிக மோசமானவை என்றும் அது கண்டறிந்தது.

நிறுவனங்களுக்கு இது நம்பிக்கை தரும் செய்தி என்றே நினைக்கிறோம். உலகப் புகழ்பெற்ற பேராறு ஒன்றில் எந்தத் தனி நிறுவனத்தின் பணமும் கடலில் கரைத்த பெருங்காயம்தான். தொழிற்பேட்டைக்குப் பின்புறம் ஓடும் கால்வாயிலோ, ஊருக்குள் நுழைந்து வெளியேறும் சிற்றாற்றிலோ அதே பணம் கண்ணால் பார்க்கக்கூடிய மாற்றத்தைக் கொண்டுவரும்.

எங்கள் நிறுவனம் முதலில் எங்கே பார்க்க வேண்டும்?

தன் வளாகத்தின் மழைநீர் வடிகாலைப் பார்க்க வேண்டும். இது சாதாரண ஆலோசனையாகத் தோன்றலாம். ஆனால் பிளாஸ்டிக்கை மூலப்பொருளாகவோ பொதியாகவோ பயன்படுத்தும் எந்த நிறுவனத்துக்கும் இதைவிட முக்கியமான ஆலோசனை எங்களிடம் இல்லை.

பிளாஸ்டிக் பொருள்கள் பெரும்பாலும் பருப்பளவே உள்ள குருணைகளை உருக்கித்தான் செய்யப்படுகின்றன. சரக்கு இறக்கும் மேடையில் ஃபோர்க்லிஃப்டின் முள் மூட்டையில் குத்திவிடுகிறது. ஒரு கை அளவு குருணை தரையில் சிந்துகிறது. வேலை நடக்கிற அவசரத்தில் யாரோ அதைத் துடைப்பத்தால் ஓரமாகத் தள்ளுகிறார்கள், அல்லது மாலையில் தண்ணீர் பீய்ச்சித் தரையைக் கழுவுகிறார்கள். குருணை சிமென்ட் தரையின் விரிசலில் தங்கி, அடுத்த மழைக்கு வடிகால் கம்பிச் சட்டத்தின் இடைவெளி வழியே இறங்கிவிடுகிறது. யாரும் வேண்டுமென்று ஆற்றில் கொட்டவில்லை, ஆனாலும் கொட்டப்பட்டுவிட்டது. அமெரிக்காவின் டெக்சாஸில் ஃபார்மோசா பிளாஸ்டிக்ஸ் ஆலையிலிருந்து லவாக்கா விரிகுடாவுக்கும் அருகிலுள்ள ஓடைக்கும் குருணைகள் வெளியேறியது தொடர்பான வழக்கில், ஊர்மக்கள் ஆண்டுக்கணக்கில் தாங்களே பொறுக்கிச் சேர்த்த குருணைகள்தாம் சாட்சியங்களாயின. 2019-இல் அந்த நிறுவனம் 5 கோடி டாலர் தருவதற்கும், இனி ஒரு குருணையும் வெளியேறாமல் பார்த்துக்கொள்வதற்கும் ஒப்புக்கொண்டது.

இறக்கும் மேடையின் கீழே தட்டு வைப்பது, சிந்தியதை உடனே உறிஞ்சும் வேக்குவம் கருவியைக் கைக்கெட்டும் இடத்தில் வைப்பது, வடிகால் வாயில் குருணையைவிடச் சிறிய கண்ணுள்ள வலை பொருத்தி வாரந்தோறும் அதைச் சுத்தம் செய்வது ஆகியவற்றுக்குப் பெரிய செலவு ஆகாது. குருணையே கையாளாத நிறுவனங்களிலும் பொதிக் கயிறு, சுற்றுத்தாள், தெர்மாகோல் துண்டு போன்றவை இதே வழியாகத்தான் வெளியேறுகின்றன. தன் வடிகாலைத் திறந்து பார்க்காத நிறுவனம் ஆற்றில் தடுப்பு கட்ட நிதி தருவது, வீட்டுக் குழாயைத் திறந்து விட்டுவிட்டு வாசலில் தண்ணீர் இறைப்பதற்கு ஒப்பானது.

விற்கும் பொருளின் பொதியை மாற்றினால் ஆற்றுக்கு என்ன பயன்?

ஆற்றில் எது சேர்கிறது என்பதைப் பெரும்பாலும் பொருளின் விலைமதிப்புதான் முடிவு செய்கிறது. நிறமில்லாத பெட் (PET என்னும் பிளாஸ்டிக் வகை) பாட்டிலுக்கும் கெட்டியான டப்பாவுக்கும் பழைய பொருள் சந்தையில் விலை உண்டு. ஆகவே யாராவது பொறுக்கிக்கொண்டு போகிறார்கள். பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டிய பல அடுக்கு உறைகளையும், ஒரு முறை பயன்படுத்தும் சாஷேக்களையும், மெல்லிய பைகளையும் யாரும் வாங்குவதில்லை. ஒரு கிலோ சேர்க்க நூற்றுக்கணக்கில் பொறுக்க வேண்டும், சேர்த்தாலும் காசு வராது. அவைதாம் காற்றில் பறந்து கால்வாயில் விழுகின்றன. பல அடுக்கு உறையை ஒரே வகைப் பிளாஸ்டிக்குக்கு மாற்றுவதும், சிறு உறைகளைக் கைவிட்டு மறுநிரப்பு முறைக்குப் போவதும் ஆற்றில் நேரடியாகத் தெரியும் முடிவுகள்.

பாட்டில்களைப் பொறுத்தவரை, வைப்புத் தொகை கட்டி வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துத் தொகையைப் பெறும் முறைக்கு நிகரான வேறொன்று இதுவரை காணப்படவில்லை. ஜெர்மனி 2003 முதல் இதைக் கட்டாயமாக நடத்துகிறது. அங்கே வைப்புத் தொகைக்கு உட்பட்ட பாட்டில்களில் மிகச் சிலவே திரும்பி வராமல் போகின்றன. இத்தகைய சட்டம் வரும்போது தொழில் சங்கங்கள் வழியாக எதிர்த்துவிட்டு, வேறொரு பக்கம் ஆற்றுத் தூய்மைக்கு நிதி தரும் நிறுவனங்கள் உண்டு. அந்த நிதியைவிட, எதிர்ப்பை விலக்கிக்கொள்வதே ஆற்றுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

ஆற்றில் வைக்கும் தடுப்புகள் எப்படி வேலை செய்கின்றன?

மிக எளியது மிதவைத் தடுப்பு. ஆற்றின் குறுக்கே சாய்வாகக் கட்டிய மிதவைகள், மேலே வரும் குப்பையை ஒரு கரைக்கு ஒதுக்கும். அங்கே ஆட்கள் அள்ளுவார்கள். பாலியில் 2020-இல் தொடங்கிய சுங்காய் வாட்ச், ஜெர்மனியில் 2019-இல் தொடங்கிய பிளாஸ்டிக் ஃபிஷர் போன்றவை இவ்வகைத் தடுப்புகளையே நம்புகின்றன; இரண்டிலும் நிறுவனங்களின் பணம் முக்கியப் பங்கு வகிக்கிறது. அடுத்தது இயந்திர வகை. அமெரிக்காவின் பால்டிமோரில் 2014 முதல் இயங்கும் மிஸ்டர் ட்ராஷ் வீல், ஆற்று நீரோட்டத்தாலும் சூரிய ஒளியாலும் சக்கரத்தைச் சுழற்றி, குப்பையைக் கன்வேயர் பட்டையில் ஏற்றித் தொட்டியில் போடுகிறது. தி ஓஷன் கிளீனப் அமைப்பு 2019-இல் அறிமுகப்படுத்திய இன்டர்செப்டரும் சூரிய ஒளியில் இயங்கும் ஒரு மிதக்கும் கன்வேயர்தான். ஆம்ஸ்டர்டாமில் அதே ஆண்டு, கால்வாயின் அடியில் துளையிட்ட குழாயைச் சாய்வாகப் பதித்து, அதிலிருந்து எழும் காற்றுக்குமிழிகளால் குப்பையை ஓரம் தள்ளும் முறை நிறுவப்பட்டது. அதன் மேல் படகுகள் தடையின்றிப் போகலாம்.

மிதவைகளின் ஒரு வரம்பை நிதி தருபவர்கள் அறிந்திருக்க வேண்டும். பைகளும் மூடிகளும் செய்யப் பயன்படும் பாலிஎத்திலீனும் பாலிபுரோபிலீனும் தண்ணீரைவிட எடை குறைந்தவை, மிதக்கும். தண்ணீரின் அடர்த்தியை 1 என்று கொண்டால் பெட்டின் அடர்த்தி சுமார் 1.38; மூடி திருகிய பாட்டில் உள்ளே இருக்கும் காற்றால் மிதக்கும், மூடி இழந்தது தண்ணீர் புகுந்து அமிழ்ந்துவிடும். மேற்பரப்பில் வைத்த எந்தத் தடுப்பும் அமிழ்ந்ததைப் பிடிக்காது.

ஒரு தடுப்பை வாங்கிக் கொடுத்துவிட்டால் எங்கள் பங்கு முடிந்ததா?

இல்லை. அப்போதுதான் தொடங்குகிறது. எங்களிடம் கேட்கப்படும் கேள்விகளில் இதற்குத்தான் நீளமான பதில் தேவைப்படுகிறது.

அள்ளிப் போட்ட குவியலின் அருகே நின்று பார்த்தால் காரணம் புரியும். மேலே இலையும் கிளையும் ஆகாயத்தாமரையும் இருக்கும். பெரும்பாலான இடங்களில் எடையில் பெரும்பங்கு இவைதாம். அவற்றை விலக்கினால் ஒற்றைச் செருப்பு, தெர்மாகோல் துண்டுகள், முடிச்சு அவிழ்க்காமல் எறிந்த கேரி பேக், பாதி வண்டல் நிரம்பிய தண்ணீர் பாட்டில் என்று ஒவ்வொன்றாக வெளிப்படும். உடைந்த கண்ணாடியும் ஊசியும் செத்த பிராணியும் நடுவே கிடக்கும். இதைக் கையால்தான் பிரிக்க வேண்டும். பிரிப்பவருக்குத் தடித்த கையுறை, முழங்கால் பூட்ஸ், தடுப்பூசி, நிழல், குளிக்க நல்ல தண்ணீர், மாதம் முடிந்ததும் சம்பளம் எல்லாம் வேண்டும். பிரித்ததை உலர்த்த இடமும், ஏற்றிச் செல்ல வண்டியும், எதற்கும் உதவாததைச் சட்டப்படி ஒப்படைக்க ஒரு குப்பைக் கிடங்கும் வேண்டும். தடுப்பின் விலை ஒரு முறை செலவு. மேலே சொன்னவை ஒவ்வொரு நாளும் வரும் செலவு. சில ஆண்டுகளில் இரண்டாவது முதலாவதை எளிதில் தாண்டிவிடும்.

ஆனால் கொடையாளர்களுக்கு முதலாவதுதான் பிடிக்கிறது. பெயர்ப்பலகை வைக்கலாம், படம் எடுக்கலாம். சம்பளத்துக்கும் டீசலுக்கும் யாரும் பெயர்ப்பலகை வைப்பதில்லை. அதனால், திறப்பு விழா கண்ட தடுப்பு இரண்டு பருவமழைகளுக்குப் பிறகு ஆள் இல்லாமல் நிரம்பி வழிந்து, மிதவைகள் வெயிலில் வெடித்து, தானே ஆற்றுக் குப்பையாகிவிடுகிறது. ரசாயன, பிளாஸ்டிக் நிறுவனங்கள் சேர்ந்து 2019-இல் தொடங்கிய பிளாஸ்டிக் கழிவு ஒழிப்புக் கூட்டணி, ஐந்தாண்டுகளில் 150 கோடி டாலர் செலவிடும் இலக்கை அறிவித்தது. அதன் ஆதரவோடு கங்கையில் தொடங்கிய திட்டமே நெடுநாள் நிலைக்கவில்லை. இதற்கு மாறாக, பால்டிமோரில் துறைமுகப் பகுதியின் சொத்து உரிமையாளர்களும் வணிகர்களும் ஏற்கெனவே தங்கள் பகுதியைப் பராமரிக்கக் கூட்டாக ஓர் அமைப்பை நடத்திவந்தார்கள். மிஸ்டர் ட்ராஷ் வீல் சக்கரத்தை ஓட்டும் பொறுப்பு அந்த அமைப்பிடம் இருப்பதால் அது ஆண்டுக்கணக்கில் நிற்காமல் ஓடுகிறது.

உங்கள் நிதி சிறியதாக இருந்தால், புதுத் தடுப்பு ஒன்று வாங்குவதைவிட, ஏற்கெனவே இயங்கும் தடுப்பில் இரண்டு பேரின் ஐந்தாண்டுச் சம்பளத்தை ஏற்றுக்கொள்வதையே பரிந்துரைக்கிறோம்.

வெள்ளத்தில் தடுப்பு என்ன ஆகும்? மீன்களுக்கும் படகுகளுக்கும் தொந்தரவு இல்லையா?

வெள்ளத்தில்தான் அதிகக் குப்பை வருகிறது. வெள்ளத்தில்தான் தடுப்பும் அறுந்து போகிறது. குவாத்தமாலாவின் லாஸ் வாகாஸ் ஆற்றில் 2022-இல் அமைத்த பெரிய வேலி, முதல் பெருவெள்ளத்தின் விசையையே தாங்கவில்லை; அடுத்த ஆண்டு அங்கே வேறு வடிவத்தில் மிதவைத் தடுப்பு வைக்கப்பட்டது. வழி விடும்படி ஒரு பக்கம் தானாகக் கழன்று கொள்ளும் அமைப்பு இல்லாத தடுப்புக்கு நிதி தர வேண்டாம். மீன்பிடிப்பவர்கள், படகோட்டிகள், நீர்வளத் துறை, உள்ளாட்சி ஆகிய நால்வரிடமும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன்பே பேச வேண்டும். அந்த ஆற்றின் சுழிப்பையும் குப்பை ஒதுங்கும் மூலையையும் மீன்பிடிப்பவர்களைவிட நன்றாக அறிந்தவர் எவரும் இலர்.

எடுத்த பிளாஸ்டிக்கில் புதுப் பொருள் செய்து விற்கலாமா?

சிறிதளவு செய்யலாம். வெயிலும் வண்டலும் பட்ட பிளாஸ்டிக்கின் தரம் குறைந்துவிடும். கழுவும் செலவு பொருளின் விலையை மிஞ்சும். நல்ல நிலையில் கிடைக்கும் பாட்டில்களையும் டப்பாக்களையும் பேல் கட்டி விற்கலாம். மற்றவற்றைப் பாதுகாப்பாக ஒப்படைப்பதே நேர்மையான முடிவு. ஆற்றுப் பிளாஸ்டிக்கில் செய்தது என்று விற்கும் பொருளில் அதன் பங்கு எத்தனை சதவீதம் என்பதை அட்டையிலேயே அச்சிட வேண்டும். வருமானம் வரும் என்ற கணக்கை நம்பித் தொடங்கிய திட்டங்கள்தாம் முதலில் நின்று போகின்றன.

கழிவு சேகரிப்பவர்களுக்கு இதில் என்ன இடம்?

உலகின் பல நகரங்களில் மறுசுழற்சிக்குப் போகும் பிளாஸ்டிக்கில் பெரும்பங்கைத் தெருவிலும் குப்பைமேட்டிலும் பொறுக்கிச் சேர்ப்பவர்கள் அவர்கள்தாம். ஆற்றுக்கு வரும் முன்பே குப்பையைத் தடுக்கும் முதல் தடுப்பு அவர்களே. அதற்காக எவரும் அவர்களுக்கு ஊதியம் தருவதில்லை, பொருளுக்கான விலை மட்டும்தான். பிளாஸ்டிக்கின் மூலப்பொருளான கச்சா எண்ணெயின் விலை சரியும்போது புதுப் பிளாஸ்டிக் மலிந்து, பழையதன் விலை விழுந்து, பொறுக்குவது நின்றுபோகிறது. அந்த மாதங்களில் கால்வாய்கள் நிரம்புகின்றன. விலை விழும்போது இட்டு நிரப்பும் குறைந்தபட்ச விலை உறுதி ஒன்றை நிறுவனம் தர முடியும். யாரும் வாங்காத சாஷேவுக்கும் மெல்லிய பைக்கும் கிலோவுக்கு இவ்வளவு என்று சேவைக் கட்டணம் தரவும் முடியும். செய்வதற்கு எளிமையானதும் பலன் மிக்கதுமான உதவி இதுவே என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

ஊழியர்களை ஒரு நாள் கரைத் தூய்மைக்கு அழைத்துச் செல்வது பயனுள்ளதா?

பயனுள்ளது, அள்ளியதை எண்ணிப் பதிவு செய்தால். எந்த வகைப் பொருள், எந்த நிறுவனத்தின் பெயர், எத்தனை என்று எழுதி வந்தால் அது தரவாகும். உங்கள் நிறுவனத்தின் உறையே கையில் கிடைத்தால், அடுத்த நாள் வடிவமைப்புப் பிரிவில் பேச வேண்டிய செய்தியாகும். மூட்டைகளின் முன்னே படம் எடுத்துவிட்டுத் திரும்புவதோடு நின்றுவிட்டால் அடுத்த வாரமே கரை பழையபடி ஆகிவிடும்.

பிளாஸ்டிக்கை உற்பத்தி செய்யும் நிறுவனமே நிதி தருவது கண்துடைப்பு அல்லவா?

கண்துடைப்பாக இருக்கலாம், இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. 2024-இல் வெளியான ஓர் ஆய்வு, 2018 முதல் 2022 வரை 84 நாடுகளில் தன்னார்வலர்கள் சேகரித்த 18 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்களை ஆராய்ந்தது. ஏறக்குறைய பாதியில் பெயரே படிக்க முடியவில்லை. பெயர் தெரிந்தவற்றில் பாதிக்கு மேல் 56 நிறுவனங்களுடையவை. ஒரு நிறுவனத்தின் பிளாஸ்டிக் உற்பத்தி 1 சதவீதம் கூடினால், சுற்றுச்சூழலில் கிடைக்கும் அதன் பங்கும் ஏறக்குறைய 1 சதவீதம் கூடுகிறது என்பதும் அதில் தெரிந்தது. அப்படியானால் நிதி தருவதோடு நில்லாமல், உற்பத்தி எத்தனை டன், அது ஆண்டுதோறும் கூடுகிறதா குறைகிறதா என்பதையும் அதே அறிக்கையில் அதே பக்கத்தில் வெளியிடும் நிறுவனத்தை நம்பலாம். எடுத்ததை மட்டும் சொல்லி, போட்டதைச் சொல்லாத அறிக்கையை நம்ப இயலாது.

பிளாஸ்டிக் கிரெடிட் வாங்கலாமா?

ஒரு டன் கழிவைச் சேகரித்ததற்கோ மறுசுழற்சி செய்ததற்கோ தரப்படும் சான்றே பிளாஸ்டிக் கிரெடிட். தரநிலைகளை வகுக்கும் வெர்ரா அமைப்பு 2021-இல் இதற்கான தரநிலை ஒன்றை வெளியிட்டது. சேகரிப்பு இல்லாத இடத்துக்கு இதன் மூலம் பணம் போய்ச் சேர்ந்தால் நல்லதே. ஆனால் ஓர் ஆற்றில் எடுத்த ஒரு டன், வேறோர் ஆற்றில் விழுந்த ஒரு டன்னை ஈடுசெய்துவிடாது. தண்ணீர் வேறு, மீன் வேறு, மக்கள் வேறு. ஆகவே, எங்கள் பொருள் பிளாஸ்டிக் சமநிலை பெற்றது, அதாவது போட்ட அளவை எடுத்துவிட்டோம் என்று விளம்பரம் செய்ய இதைப் பயன்படுத்த வேண்டாம் என்றே சொல்வோம்.

பலனை எப்படி அளப்பது?

எடுத்த எடையை மட்டும் அளந்தால் ஏமாந்துவிடுவீர்கள். ஈரத்தோடும் சேற்றோடும் நிறுத்தால் எடை பல மடங்கு காட்டும். இலைதழையையும் சேர்த்துக் கணக்கிடுபவர்களும் உண்டு. பிரித்து, உலர்த்தி, பிறகு நிறுக்க வேண்டும். அதைவிட முக்கியம், ஆற்றில் இன்னும் எவ்வளவு வருகிறது என்பது. பாலத்தின் மேல் நின்று, குறித்த அகலத்துக்குள் குறித்த நிமிடங்களில் கடந்து செல்லும் துண்டுகளை வகைவாரியாக எண்ணும் முறையை உலகெங்கும் ஆய்வாளர்கள் பயன்படுத்துகிறார்கள். பயிற்சி பெற்ற கல்லூரி மாணவர்களே இதைச் செய்துவிடலாம். தடுப்புக்கு மேலும் கீழும், மழைக்காலத்திலும் கோடையிலும் எண்ண வேண்டும். மேலே இருந்து வரும் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு குறைகிறதா என்பதுதான் உண்மையான அளவுகோல். தடுப்பில் சிக்கும் எடை கூடிக்கொண்டே போவதை வெற்றியாக அறிவிக்கும் திட்டம், ஊரின் குப்பை சேகரிப்பு சீர்கெட்டு வருவதையே அறிவிக்கிறது.

நாங்கள் சிறு வணிகம். எங்களால் என்ன முடியும்?

கடைக்குப் பின்னால் உள்ள குப்பைத் தொட்டிக்கு மூடி போடுவது, காற்றில் பறக்கும் உறைகளைக் கட்டி வைப்பது, அதே தெருவில் உள்ள பத்துக் கடைகள் சேர்ந்து ஒரு சேகரிப்பாளருக்கு மாதச் சம்பளம் தருவது ஆகிய மூன்றும் போதும். உள்ளாட்சி அமைப்பிடம் வடிகால் வாய்க்குக் கம்பிவலை கேட்டுக் கூட்டாக மனுக் கொடுங்கள். வணிகர் சங்கத்தின் மனுவுக்குத் தனி மனிதரின் மனுவைவிட மதிப்பு அதிகம்.

எத்தனை ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும்?

ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் செய்துகொள்வது நல்லது. முதலாண்டு ஆற்றைப் புரிந்துகொள்வதற்கே போய்விடும். ஒப்பந்தத்தில் மூன்று விஷயங்களை எழுத்தில் வையுங்கள்: பணியாளர்களின் சம்பளமும் காப்பீடும் யார் பொறுப்பு, அளந்த தரவை, நல்லதோ கெட்டதோ, யார் எப்போது வெளியிடுவார், உங்கள் நிதி நிற்கும் நாளுக்கு ஓராண்டு முன்பே அறிவிப்பு தருவது. மூன்றாவதோடு, வேறு எவரும் பொறுப்பேற்க முன்வராவிட்டால் மிதவைகளையும் கயிறுகளையும் நங்கூரங்களையும் ஆற்றிலிருந்து கழற்றி எடுத்துச் செல்லும் செலவுக்கான தொகையை முதலாண்டிலேயே தனிக் கணக்கில் போட்டு வையுங்கள்.